சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்புக்கு: தங்குவதற்கு ஓர் அறையாவது கொடுங்கள்

கூட்டமைப்பின் நிர்வாகிகளுக்கு வணக்கம்.

நீங்கள் நடத்தும் எம்15 போட்டிகளைப் பற்றித்தான் இந்த மடல். ஆண்கள் டென்னிஸில் தரவரிசைப் புள்ளி சேர்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறார்கள். மொத்தப் பரிசு 15,000 டாலர். ஒற்றையர் பட்டம் வென்றால் 2,160 டாலர். முதல் சுற்றில் தோற்றால் 156 டாலர், அதாவது ஏறக்குறைய 13,000-14,000 ரூபாய், புள்ளி கிடையாது. அதிலும் வரி பிடித்தது போக மிஞ்சுவதில் விமானம், விசா, அறை வாடகை, சாப்பாடு, மட்டைக்கு ஸ்ட்ரிங் எல்லாம் பார்க்க வேண்டும். பயிற்சியாளரை எங்கே கூட்டிப்போவது?

2023-இல் சுமித் நாகல் இந்தியாவின் முதல்நிலை வீரர். வங்கியில் 900 யூரோதான் இருக்கிறது என்று அவரே சொன்னார். நான்கே மாதத்தில் ஆஸ்திரேலிய ஓபனில், அந்தப் போட்டியின் தரவரிசையில் 31-ஆவதாக வைக்கப்பட்டிருந்த அலெக்சாண்டர் பப்ளிக்கை நேர் செட்களில் வென்று, அடுத்த சுற்றோடு வெளியேறினாலும் 1,80,000 ஆஸ்திரேலிய டாலர் பெற்றார். எத்தனை பேருக்கு அப்படி அமையும்? எங்கள் சென்னையின் ராம்குமார் ராமநாதன் 2017-இல் துருக்கியின் அன்டால்யாவில் டொமினிக் தீம் என்ற ஆஸ்திரிய வீரரை வீழ்த்தினார். தீம் அப்போது உலகின் 8-ஆம் இடத்தில் இருந்தவர். மறு ஆண்டு ராம்குமார் அமெரிக்காவின் நியூபோர்ட்டில் இறுதி ஆட்டம் வரை போய் 111-ஆம் இடத்தைத் தொட்டார். அவருக்கே எம்15-க்கு மேல்மட்டமான சேலஞ்சர் போட்டிகளில் முதல் பட்டம் கிடைக்க 2021 நவம்பர் ஆனது. அப்படியென்றால் 500-ஆம் இடத்தில் ஆடும் பையனின் கதி என்ன?

ஆண்கள் தொழில்முறை டென்னிஸை நடத்தும் ஏடிபி 2024-இல் கொண்டுவந்த வருமான உத்தரவாதம் 250-ஆம் இடத்தோடு நின்றுவிடுகிறது. அதற்குக் கீழே இருப்பவர்கள் உங்கள் பொறுப்பு.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இந்தச் சின்னப் போட்டிகளின் நேரடி ஸ்கோர் விவரங்களை நீங்கள் விற்றீர்கள். சூதாட்ட நிறுவனங்கள் அவற்றை வைத்துப் பந்தயம் நடத்தின. சூதாட்ட முறைகேடு கீழ்மட்டத்தில்தான் மோசம், 15,000 டாலர் போட்டிகளின் விவர விற்பனையை நிறுத்துங்கள் என்று 2018-இல் சுயாதீன விசாரணைக் குழு சொன்னது. கையில் 156 டாலரோடு ஊர் திரும்புகிறவனிடம் வேண்டுமென்றே தோற்கச் சொல்லித் தரகன் வந்து பேசினால் அவன் எவ்வளவு நாள்தான் மறுப்பான்? மறுக்கிறவர்கள் நிறைய இருக்கிறார்கள் என்பதே எனக்குப் பெரிய விஷயம்.

பரிசுத் தொகையை உடனே இரட்டிப்பாக்கச் சொல்லவில்லை. தங்குமிடம் தருகிற போட்டிகளுக்கு '+எச்' என்று ஏற்கெனவே குறி போடுகிறீர்கள். அதை எல்லா எம்15 போட்டிகளுக்கும், பெண்களுக்கான டபிள்யூ15 போட்டிகளுக்கும் கட்டாயமாக்குங்கள். ஏற்பாட்டாளர்களால் முடியாவிட்டால், விவர விற்பனை வருமானத்திலிருந்து நீங்கள் கொடுங்கள். அடுத்த ஆண்டு அட்டவணையிலேயே இதைச் செய்ய முடியும்.

இப்படிக்கு,
சென்னையிலிருந்து ஒரு டென்னிஸ் ரசிகர்