வண்டல் மண் என்று எழுதிவிட்டால் போதுமா?

ஆசிரியருக்கு,

ஆற்றுச் சமவெளிகளைப் பற்றி எழுதும்போதெல்லாம் 'வளமான வண்டல் மண்' என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். மண் அறிக்கைகளும் இதற்கு விலக்கல்ல. மண் ஆற்றோடு வந்தது என்பதுதான் அந்தச் சொல்லிலிருந்து தெரிகிறது. வந்து சேர்ந்தது எப்படிப்பட்ட மண் என்பது தெரிவதில்லை. போதாக்குறைக்குத் தமிழில் ஆறு கொண்டுவந்த மண் முழுவதற்கும் வண்டல் என்றே பெயர், மணலுக்கும் களிக்கும் இடைப்பட்ட துகளுக்கும் அதே பெயர். 'இந்த வண்டல் மண்ணில் வண்டல் குறைவு' என்று எழுதினால் அது முழு உண்மையாகவே இருக்கலாம்; படிப்பவர் அச்சுப்பிழை என்று நினைப்பார்.

வெள்ளம் கரையை மீறிப் பரவியதும் அதன் வேகம் சட்டென்று குறைகிறது. கனமான மணல் ஆற்றை ஒட்டியே விழுந்து கரைமேடு ஆகிறது. களி தண்ணீரோடு நெடுந்தூரம் போய், நீர் தேங்கி நிற்கும் தாழ்விடத்தில் மெல்லப் படிகிறது. ஆறு தடம் மாறியிருந்தால் கைவிடப்பட்ட பழைய தடம் நடுவே குறுக்கிடும். அதில் அடியில் மணலும் மேலே களியும் இருப்பது வழக்கம். இப்போதைய வெள்ளம் எட்டாத மேட்டுப் படிகளின் கதையே வேறு. அங்கே மண்ணுக்கு வயது கூடியிருக்கிறது, கட்டமைப்பு உருவாகியிருக்கிறது, களி கீழே இறங்கியிருக்கலாம். ஆகவே மண்ணை ஆராயத் தோண்டும் குழியின் விவரத்தில் முதல் வரி, அது இவற்றில் எந்த இடத்தில் தோண்டப்பட்டது என்பதாக இருக்க வேண்டும்.

குழி ஒன்றரை மீட்டர் ஆழமாவது வேண்டும். வெயில் படும் முகத்தைக் கத்தியால் சுரண்டி, மண்வெட்டியின் மழுங்கல் தடத்தை நீக்கிய பிறகே அடுக்குகள் கண்ணுக்குப் புலப்படும். 15 செ.மீ.க்கு ஒரு கோடு என்று அளந்து பிரிப்பது வெள்ளச் சமவெளியில் உதவாது. அடுக்கு எங்கே மாறுகிறதோ அங்கேதான் கோடு. மாற்றம் 2 செ.மீ.க்குள் நிகழ்கிறதா, 15 செ.மீ. வரை மெல்லக் கரைகிறதா என்பதையும் எழுத வேண்டும். மணலிலிருந்து களிக்கு வெட்டினாற்போல் மாறினால், பெரும்பாலும் அவை வெவ்வேறு வெள்ளங்களின் படிவுகள். படிவு வேறு என்று காட்ட, கீழ் அடுக்கின் குறியீட்டுக்கு முன்னால் 2, அடுத்ததற்கு 3 என்று எண் இட வேண்டும். நடு ஆழத்தில் கறுத்த அடுக்கு ஒன்று தென்பட்டால், அது புதைந்துபோன பழைய மேல்மண்ணாக இருக்கக்கூடும். அதை நீர்த்தேக்கத்தால் வந்த கருமை என்று குறித்துவிடுவது அடிக்கடி நடக்கும் பிழை.

மண்ணை விரலால் தேய்த்து அதன் வகையை அறியும் கைப்பதத்தில் ஏமாற்றுவது அப்ரகம் (மைக்கா). மெல்லிய அப்ரகத் துகள் கலந்த நுண்மணல் விரலுக்கு வழவழப்பாக இருக்கும். களி என்று எழுதிவிடுவார்கள். ஈர மண்ணைப் பெருவிரலால் நாடாவாக நெருட வேண்டும். நல்ல களி 5 செ.மீ.க்கு மேல் அறுபடாமல் நீளும். அப்ரக மணல் நீளாது. ஆய்வகத்திலும் ஒரு சிக்கல் உண்டு. வண்டல் துகளின் மேல்வரம்பு ஒரு முறையில் 0.02 மி.மீ., இன்னொரு முறையில் 0.05 மி.மீ. எந்த வரம்பு என்று சொல்லாத விழுக்காடுகளை ஒப்பிடவே முடியாது.

சாம்பல் நிறமும் துருப்புள்ளிகளும் நீர்த்தேக்கத்தின் அடையாளம்தான். ஆனால் ஆறு ஆழமாக அரித்து நீர்மட்டம் இறங்கிய பிறகும் பழைய புள்ளிகள் அழியாமல் நிற்கும். இப்போதும் மண் மூச்சடைத்துக் கிடக்கிறதா என்று அறிய, அப்போதே உடைத்த ஈரக்கட்டியின் மேல் டைபிரிடில் கரைசலைச் சொட்டிப் பார்க்கலாம். சிவந்தால் இரும்பு ஒடுக்க நிலையில் இருக்கிறது. உலர்ந்த மாதிரியில் இந்தச் சோதனை வீண்.

வகைப்பாட்டுக்கு வருவோம். உலக மண்வள ஆதார முறையில், வெள்ளப் படிவின் அடுக்குத்தன்மையைக் காட்டும் மண் 25 செ.மீ. ஆழத்துக்குள் தொடங்கி, குறைந்தது 25 செ.மீ. தடிமன் இருந்தால்தான் பொதுவாக ஃபுளுவிசால் என்ற பெயருக்கே பேச்சு. பெயர்ப் பட்டியலை மேலிருந்து பார்த்து, முதலில் பொருந்தும் பெயரையே இட வேண்டும். அதிலும் 2006 பதிப்பில் ஃபுளுவிசால், நீர் தேங்கிய மண்ணின் பெயரான கிளைசாலுக்கு முன்பே வந்தது. 2014 பதிப்பில் பட்டியலின் கடைசிப் பகுதிக்குப் போய்விட்டது. மேலே அடுக்குகளும் கீழே நீர்த்தேக்கமும் உள்ள ஒரே குழி, 2006 பதிப்பில் ஃபுளுவிசால், 2014 பதிப்பில் கிளைசால் ஆகிவிடலாம். மண் மாறவில்லை, வரிசைதான் மாறியது. பதிப்பின் ஆண்டை எழுதாத பெயரால் பயனில்லை.

அமெரிக்க வகைப்பாட்டு முறையில் ஆற்றுப் படிவு மண்ணை ஃபுளுவென்ட் என்று சொல்ல, 125 செ.மீ. ஆழத்தில் கரிமக் கார்பன் 0.2 விழுக்காடாவது இருக்க வேண்டும், அல்லது 25 முதல் 125 செ.மீ. வரை அது சீராகக் குறையாமல் ஏறி இறங்க வேண்டும். மேலே 15 செ.மீ. மண்ணை மட்டும் பல இடங்களில் எடுத்துக் கலக்கும் மாதிரி, உர அளவு சொல்ல உதவும். இந்தக் கேள்விக்கு அதில் பதில் இல்லை. ஒவ்வோர் அடுக்கிலும் தனித்தனியாக மாதிரி எடுத்தாக வேண்டும்.

இது வெறும் பெயர்ச் சண்டை அல்ல. 60 செ.மீ. ஆழத்தில் மூன்று விரற்கடை களித்தகடு இருந்தால் அதற்கு மேல் நீர் தேங்கி வேர் அழுகும். அதே ஆழத்தில் பருமணல் இருந்தாலும், மேலுள்ள நுண்மண் ஏறக்குறைய நிறையும் வரை நீர் கீழே இறங்காது. இரண்டிலும் மேல்மண் அறிக்கை ஒன்றுபோலவே இருக்கும். வடிகாலோ பாசனமோ திட்டமிடுபவர்களுக்குத் தரும் அறிக்கையில் அடுக்குகளின் மேல், கீழ் ஆழங்களைச் செ.மீ.யில் தருவதைக் கட்டாயமாக்க வேண்டும். அதற்கு அரைப் பக்கம் போதும்.

இப்படிக்கு,
மண் அளவைப் பணியாளர்கள்