பென்ஷன் வந்தவர்களின் சேவையும் ஒரு வரி ஏச்சும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

அய்யா உண்டு. வணக்கம்.

உள்ளாட்சித் தேர்தலைப் பற்றித் தங்கள் இதழில் சென்ற வாரம் வந்த கட்டுரையில் ஒரு வரி இருந்தது. பட்டாளத்திலிருந்து பென்ஷன் வந்தவர்கள் சாமி பெயரைச் சொல்லிக்கொண்டு சேவையில் இறங்கினால், அடுத்து வார்டு மெம்பருக்கு மனு போடப் போகிறார்கள் என்று புரிந்துகொள்ளலாமாம். எழுதியவருக்கு அது போகிற போக்கில் வந்து விழுந்த வரியாக இருக்கலாம். எங்கள் ஊர் டீக்கடையில் அதைச் சத்தம்போட்டு வாசித்தார்கள். நானும் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன்.

எனக்குத் திசையன்விளைப் பக்கம். மெட்ராஸ் ரெஜிமெண்டில் ஹவில்தாராக இருந்து பென்ஷன் வந்தவன். அய்யா வைகுண்டரைக் கும்பிடும் அய்யா வழிக் குடும்பம். பட்டாளத்துக்குப் புறப்பட்டபோது அம்மா எங்கள் வழிபாட்டிடமான தாங்கலில் வாங்கித் தந்த, நெற்றியில் இடும் திருநாமப் பொட்டலம், நம்பரும் பெயரும் வெள்ளைப் பெயிண்டில் எழுதிய கறுப்பு டிரங்குப் பெட்டிக்குள் கடைசிவரை என்னோடு வந்தது. காஷ்மீரில் ஒரு பனிக்காலம், மேல் போஸ்டில் இருந்தபோது, உயிரோடு ஊர் போய்ச் சேர்ந்தால் மிச்ச நாளை ஊருக்குக் கொடுத்துவிடுகிறேன் என்று அய்யாவிடம் சொன்னேன். அந்த வாக்கைத்தான் தங்கள் கட்டுரையாளர் தேர்தல் மனுவாக்கிவிட்டார்.

சாமித்தோப்பு முத்திரிக் கிணறு எதற்காக வெட்டப்பட்டது என்பது தாங்கள் அறியாததல்ல. தீட்டு என்று ஒதுக்கி வைத்திருந்த காலத்தில் பதினெட்டு சாதியும் ஒரே கிணற்றில் குளித்து ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்றார் வைகுண்டர். அதற்காக அவர் சிறையும் இருந்தார். ரெஜிமெண்டில் நான் பார்த்ததும் அதுதான். லங்கர் என்கிற பட்டாளச் சமையல்கட்டில் ஒரே வரிசை, ஒரே பாத்திரத்துச் சோறு. சர்வ தர்ம ஸ்தலம் என்கிற பொதுக் கோயிலில் ஒரே கூரைக்குக் கீழே எல்லோருடைய சாமியும். பக்கத்தில் படுப்பவன் எந்தத் தெரு என்று அங்கே எவனும் கேட்டதில்லை.

ஊருக்கு வந்து பார்த்தால் பள்ளிக்கூடத்துப் பையன்கள் கையில் கலர் கலராகச் சாதிக் கயிறு. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனையும் அவன் தங்கையையும் வீடு புகுந்து வெட்டினார்கள். வெட்டியது அவன் பள்ளிக்கூடத்துப் பையன்களே. நீதிபதி சந்துரு தலைமையில் அரசு குழு போட்டதும், 2024-இல் அவர் கயிறு கூடாது என்று அறிக்கை கொடுத்ததும் தங்கள் இதழிலேயே வந்தது. அந்தச் சம்பவத்துக்குப் பிறகு எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. குளத்தங்கரையில் இரண்டு பனங்கட்டையை நட்டு, குறுக்கே ஒரு ஜி.ஐ. பைப்பை வைத்து, தொங்கி உடம்பை மேலே தூக்கிப் பழகும் பீம் போட்டேன். பட்டாளத்தில் சேர ஆசைப்படும் பிள்ளைகள் காலையில் வரலாம், காசு கிடையாது, கயிற்றோடு பைப்பைத் தொடக் கூடாது என்று சொன்னேன். வந்ததில் பாதிப் பேர் அன்றைக்கே திரும்பிப் போனார்கள். ஒருவன் மட்டும் கொஞ்ச நேரம் தள்ளி நின்றான். பிறகு கயிற்றைப் பல்லால் கடித்து அறுத்து டவுசர் பையில் போட்டுக்கொண்டு வந்தான். மறு மாதம், அடுத்த தெருக் குட்டைப் பையனுக்குப் பைப் எட்டாதபோது, இடுப்பைப் பிடித்துத் தூக்கிவிட்டவன் அவன்தான். பட்டாளத்து ஆள் சேர்ப்பில் பத்து பீம் எடுத்தால் 40 மார்க், 1600 மீட்டரை ஐந்தரை நிமிஷத்துக்குள் ஓடினால் 60 மார்க். தேரி மணலில் ஓடிப் பழகிய கால்கள் இவை, நிச்சயம் ஓடும். இதில் எனக்கு என்ன ஓட்டு விழும் என்று தெரியவில்லை.

பட்டாளத்தான் என்றால் நம் ஊரில் ஒரு மதிப்பு உண்டு என்று வெளியே சொல்லிக்கொள்கிறோம். லீவில் வந்து இறங்கியதும் என்னிடம் முதலில் கேட்டது கேன்டீன் பாட்டில் உண்டுமா என்றுதான். குடிக்காதவன், வாங்காதவன் என்று சொன்னால் நம்பவும் மாட்டார்கள். நாற்பதைத் தாண்டியதும் வீட்டுக்கு அனுப்புகிறார்கள். எல்லையில் காவல் நின்ற ஆளுக்கு ஊரில் கிடைப்பது ஏடிஎம் வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. டிசம்பர் 7 கொடிநாளுக்கு உண்டியல் குலுக்குகிறவர்கள் மறுநாள் எங்களை மறந்துவிடுகிறார்கள். பக்கத்து ஊரில் ஒரு சிப்பாயின் விதவை. புருஷனின் டிஸ்சார்ஜ் புத்தகத்தில் இனிஷியலை விரித்து அப்பா பெயரைப் பின்னால் எழுதியிருக்கிறார்கள், ஆதாரில் அது முன்னால் இருக்கிறது. இந்த ஒரு வித்தியாசத்துக்காகக் குடும்பப் பென்ஷன் நின்றுபோய், அந்த அம்மா மஞ்சள் பையில் காகிதங்களோடு ஆபீஸ் ஆபீஸாக அலைந்தார். கூடப் போய் நின்றவன் நான். அங்கே கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவர் தலையை நிமிர்த்திக்கூடப் பார்க்கவில்லை.

2023 டிசம்பர் மழையைத் தங்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியது. ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் சனங்களோடு நின்றுபோனது. ஏரல் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர் ஏறியபோது லாரி டியூபும் கயிறுமாகப் போனவர்களில் என்னைப் போன்ற முன்னாள் படைவீரர்களும் இருந்தோம். தோளில் ஏறி வந்த பெரியவர்கள் யாரும் எங்களிடம் எந்தக் கட்சி, எந்த வார்டு என்று கேட்கவில்லை.

பென்ஷன்காரர் என்று பொத்தாம் பொதுவாக எழுதுகிறீர்கள். 2022-இல் அக்னிபாத் திட்டம் வந்தபிறகு பட்டாளத்தில் சேரும் பிள்ளைகளுக்கு அந்தப் பென்ஷனும் இல்லை. நான்கு வருஷம் முடிந்தால் நூற்றுக்கு 25 பேருக்குத்தான் மேற்கொண்டு வேலை. மற்றவர்கள் 11 லட்சம் சொச்சத்தோடு இளவட்டமாகவே ஊருக்குத் திரும்பிவிடுவார்கள். கற்றுவந்ததை ஊருக்குச் சொல்லித்தர அவர்கள் நினைத்தால், அவர்களையும் இப்படித்தான் எழுதுவீர்களா, அய்யா?

என் மனதை அறுப்பது இன்னொன்று. காய்ந்த குளத்துக்குள்தான் பிள்ளைகள் ஓடுகிறார்கள். தண்ணீர் வந்துவிட்டால் ரோட்டில்தான் ஓட வேண்டும். விடியுமுன் அந்த ரோட்டில் கல் லாரிகள் வருகிற வேகம் தாங்கள் அறிந்ததே. ஊர்ப் பள்ளிக்கூட மைதானம் பூட்டிக் கிடக்கிறது. காலை ஐந்து முதல் ஏழு வரை திறந்துவிடுங்கள் என்று மனு கொடுத்தேன். வாங்கியவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "எந்தச் சமுதாயத்துப் பயலுவ?" என்பது. எல்லாத் தெருப் பிள்ளைகளும் என்றேன். "அப்போ பிரச்சினை வரும்" என்று மனுவை ஓரமாக வைத்துவிட்டார். அது இன்னும் பரிசீலனையில் இருக்கிறதாம்.

நான் எந்தத் தேர்தலிலும் நிற்கப் போவதில்லை. இதைத் தங்கள் இதழிலேயே அச்சடித்துக்கொள்ளலாம். கட்டுரைக்கு மறுப்புப் போடச் சொல்லியும் கேட்கவில்லை. பூட்டிக் கிடக்கும் பள்ளி மைதானங்களைக் காலையில் பிள்ளைகளுக்குத் திறந்துவிட வேண்டும் என்று தங்கள் இதழில் நாலு வரி எழுதினால் போதும். சாவியை என்னிடம் தர வேண்டியதில்லை. பள்ளிக்கூட வாட்ச்மேனே திறந்து, அவரே பூட்டிக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஹவில்தார் ஒருவர்,
திசையன்விளை வட்டாரம், திருநெல்வேலி மாவட்டம்.