டப்பாவைத் திறப்பதற்கு முன்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீ அனுப்பிய படங்களை அம்மாவும் நானும் நாலைந்து முறை பார்த்துவிட்டோம். சொந்த வீட்டுக்கு நீங்கள் இரண்டு பேருமே பெயிண்ட் அடிக்கப்போகிறீர்கள் என்றதும் எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று போனில் சொல்ல வரவில்லை. "சனி, ஞாயிறு ரெண்டு நாள்ல முடிச்சிடுவோம்ப்பா, என்ன கலர்னு மட்டும் சொல்லுங்க" என்றாய். நானும் சரி என்று சொல்லி வைத்துவிட்டேன். அப்புறம் ராத்திரி தூக்கமே வரவில்லை. இரண்டு நாளில் முடியாதம்மா. முப்பது வருஷம் இதே வேலை பார்த்தவன் சொல்கிறேன். ஓர் அறைக்கு ஒரு வாரம் என்று வைத்துக்கொள். அதில் பெயிண்ட் அடிப்பது கடைசி இரண்டு நாள்தான்.

மூன்றாவது படத்தை எடுத்துப் பார். படுக்கையறை ஜன்னலுக்குக் கீழே ஓர் அடி உயரத்துக்குச் சுவர் கருத்திருக்கிறது, ஓரத்தில் வெள்ளைப் பொடி பூத்திருக்கிறது. அதை அழுக்கு என்று நினைத்துத் துடைத்துவிட்டு அடித்துவிடாதே. சுவருக்குள் ஈரம் இருக்கிறது. அந்தத் தண்ணீர் உள்ளே இருக்கும் உப்பைக் கரைத்து வெளியே கொண்டுவருகிறது. தண்ணீர் காய்ந்துவிடும், உப்பு நின்றுவிடும். அதன் மேல் எவ்வளவு நல்ல பெயிண்ட் அடித்தாலும் தள்ளிவிடும். ஒரு முழம் சதுரத்துக்குப் பாலித்தீன் ஷீட் வெட்டி, நாலு பக்கமும் இடைவெளி இல்லாமல் டேப் போட்டு அந்த இடத்தில் ஒட்டு. இரண்டு நாள் கழித்துப் பார். ஷீட்டின் உள்பக்கம் வியர்த்திருந்தால் ஈரம் சுவரிலிருந்துதான் வருகிறது. வெளிப்புறம் ஜன்னல் சட்டத்தை ஒட்டி விரிசல் இருக்கிறதா, மழைத் தண்ணீர் ஜன்னல் அடியில் தேங்குகிறதா என்று தேடி முதலில் அதை அடைக்கச் சொல். அப்புறம் சுவர் காயட்டும். வாரக்கணக்கில்கூட ஆகும். அந்த அறையைக் கடைசியாக வைத்துக்கொள்.

நான் தனியாக வேலை எடுக்க ஆரம்பித்த புதிதில் ஒரு வீட்டில் இதே மாதிரி சுவர். நாள் குறித்துவிட்டார்கள், சீக்கிரம் முடியுங்கள் என்றார்கள். ஈரம் என்று தெரிந்தும் தலையாட்டிவிட்டு அடித்தேன். ஆறு மாதம் கழித்துக் கூப்பிட்டார்கள். அந்த வீட்டம்மா ஒரு வார்த்தை திட்டவில்லை. சுவரைக் காட்டினார், அவ்வளவுதான். கொப்புளம் மாதிரி உப்பியிருந்த இடத்தை விரலால் தொட்டேன், பெயிண்ட், அதற்கு அடியில் அடிக்கும் பிரைமர், சுவரை வழுவழுப்பாக்கப் பூசும் பட்டி மூன்றும் ஒரே தோலாகக் கையோடு வந்துவிட்டது. உள்ளே சுவர் ஜில்லென்று இருந்தது. அந்தக் குளிர்ச்சி இன்னும் என் விரலில் இருக்கிறது.

மற்ற சுவர்களை உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்துப் பார். மாவு மாதிரி ஒட்டினால் டிஸ்டெம்பர் என்கிற பழைய பொடிப் பூச்சோ சுண்ணாம்போ இருக்கிறது. அதைச் சுரண்டிக் கழுவி எடுக்காமல் மேலே எது அடித்தாலும் நிற்காது. கையில் ஒட்டாவிட்டால் பிளேடால் பெருக்கல் குறி மாதிரி கீறி, மேலே நல்ல டேப்பை அழுத்தி ஒட்டிச் சட்டென்று இழு. பெயிண்டும் சேர்ந்து வந்தால் அந்தப் பகுதியைச் சுரண்டித்தான் ஆக வேண்டும். சமையலறைச் சுவரில் எண்ணெய்ப் பிசுக்கு கண்ணுக்குத் தெரியாது. சோப்புத் தண்ணீரால் கழுவி, பிறகு வெறும் தண்ணீரால் இரண்டு தடவை துடைத்துக் காயவிடு. சுவிட்ச் பலகைகளைக் கழற்றும்போது மெயினை அணைத்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும்.

அடுத்து நான் சொல்வதை மட்டும் தட்டாமல் கேள். பழைய வீடு என்றாய். அந்தக் காலத்து எண்ணெய்ப் பெயிண்டில் ஈயம் இருக்கலாம், முக்கியமாகக் கதவு ஜன்னல்களில். சோதித்துத் தெரிந்துகொள்ளும் வரை அதை உலர்ந்தபடி தேய்க்காதே, தீ காட்டி உரிக்கவும் கூடாது. ஈயம் இருப்பது உறுதியானால் அதை நீங்கள் தொடவே வேண்டாம், அதற்கென்று பயிற்சி பெற்றவர்களைக் கூப்பிடு. குழந்தையை அந்தப் பக்கமே விடாதே. ஈயத்தூள் பிள்ளைகளின் மூளையைக் கெடுக்கும். சுவரைத் தேய்க்கும்போதும் நுண்தூசியைத் தடுக்கும் மாஸ்க், முகத்தில் இடுக்கு இல்லாமல் பொருந்துவதாகப் பார்த்து வாங்கிக்கொள். நாங்கள் வாயில் துண்டைக் கட்டிக்கொண்டு பட்டி தேய்த்தோம். மாடி ஏறினால் எனக்கு மூச்சு வாங்குவதை நீயே பார்த்திருக்கிறாய். அத்தனை வருஷத் தூசி என்று டாக்டர் சொன்னதை உன்னிடம் இதுவரை சொன்னதில்லை.

சரி, பட்டிக்கு வருகிறேன். பார்க்கிறவர்கள் 'இது தேர்ந்த கை' என்று சொல்வது இந்த வேலையில்தான் தீர்மானமாகிறது. விரிசலை அப்படியே பூசி மூடாதே. சுரண்டும் தகட்டின் முனையால் வாய் அகலமாகக் கீறி, உள்ளே இருக்கும் தூசியைப் பிரஷ்ஷால் எடுத்துவிட்டு நிரப்பு. கதவுச் சட்டமும் சுவரும் சேரும் இடத்தில் பட்டி வேண்டாம், மரம் விரிந்து சுருங்கும்போது வெடித்துவிடும். அங்கே இடுக்கை அடைக்கிற, வளைந்து கொடுக்கும் அக்ரிலிக் சீலன்ட் போடு. சிமென்ட் பட்டி வெறும் சிமென்ட் பூச்சின் மேல்தான் நன்றாகப் பிடிக்கும். பழைய பெயிண்ட் இருக்கும் உன் சுவருக்கு, தேய்த்துப் பிரைமர் ஒரு கோட் அடித்துவிட்டு அக்ரிலிக் பட்டி போடு. ஒரே தடவையில் தடியாக இழுக்க ஆசை வரும், வேண்டாம். மெல்லிசாக இரண்டு கோட். முதல் கோட் மேலிருந்து கீழே என்றால் இரண்டாவது பக்கவாட்டில். இடையில் முழுசாகக் காயவேண்டும். காய்ந்ததும் 120 நம்பர் உப்புத்தாளால் தேய், கடைசியில் அதைவிட நைசான 220. தாளை வெறும் கையில் பிடிக்காமல் ஒரு மரக்கட்டையில் சுற்றிப் பிடித்தால் விரல் பதிந்த குழி விழாது.

எனக்கு வேலை கற்றுக்கொடுத்த மேஸ்திரி, தேய்த்து முடித்தோம் என்று நாங்கள் சொன்னதும் அறை விளக்கை அணைக்கச் சொல்வார். கையில் ஒரு விளக்கைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடிப்பார். பகலில் பளிங்கு மாதிரி தெரிந்த சுவரில் மேடு, பள்ளம், பட்டித் தகட்டின் கோடு எல்லாம் நிழல் நிழலாக எழுந்து நிற்கும். ஒவ்வொன்றையும் பென்சிலால் மெல்ல வட்டம் போட்டுக்கொண்டே போவார். மறுநாள் அந்த வட்டங்களுக்கு மட்டும் மறுபடி பட்டி. முதல் தடவை நான் தேய்த்த சுவரில் நாற்பது வட்டங்களுக்கு மேல் இருந்தன. அழுகை வந்துவிட்டது. அவர் தோளில் கை வைத்து, "பெயிண்ட் அடிச்ச பிறகு தெரிஞ்சிருந்தா என்ன பண்ணுவ?" என்று மட்டும் கேட்டார். நீயும் அப்படித்தான் பார்க்க வேண்டும். போனில் இருக்கும் டார்ச்சே போதும்.

தூசியை ஈரத்துணியால் துடைத்துவிட்டு மறுபடி பிரைமர். அதை விட்டுவிட்டால் பட்டி போட்ட இடம் பெயிண்டை உறிஞ்சும், போடாத இடம் உறிஞ்சாது, திட்டுத் திட்டாகத் தெரியும். கூரையில் இருக்கும் பழுப்புத் தண்ணீர்க் கறைக்குச் சாதாரணப் பிரைமர் ஆகாது, கறை மேலே ஊறி வந்துவிடும். கறை தடுக்கும் பிரைமர் என்று கேட்டு வாங்கு.

இனி பெயிண்ட். 4 மீட்டருக்கு 3 மீட்டர் அறை, உயரம் 2.7 என்றால் கதவு ஜன்னல் போகச் சுவர் சுமார் 34 சதுர மீட்டர் வரும். ஒரு லிட்டர் ஒரு கோட்டுக்குப் பத்துச் சதுர மீட்டர் என்று கணக்கு வைத்தால் இரண்டு கோட்டுக்கு 7 லிட்டர். எல்லா டப்பாவையும் ஒரே பெரிய வாளியில் ஊற்றிக் கலந்துகொள், டப்பாவுக்கு டப்பா நிறம் இம்மி மாறும். முதலில் கூரை, பிறகு சுவர், கடைசியில் மரம். ஓரங்களை இரண்டு அங்குலம் பிரஷ்ஷில் அடித்த கையோடு, அது காய்வதற்குள் ரோலர் போக வேண்டும். அதனால் ஒருவர் பிரஷ், ஒருவர் ரோலர் என்று பிரித்துக்கொள்ளுங்கள். ஒரு சுவரை ஆரம்பித்தால் மூலைக்கு மூலை முடித்துவிட்டுத்தான் இறங்க வேண்டும். பாதி காய்ந்த இடத்தில் விட்டுப்போனது தெரிந்தால் கை வைக்காதே, இரண்டாவது கோட்டில் சரியாகிவிடும். பெயிண்ட் படக் கூடாத ஓரங்களில் மாஸ்கிங் டேப் ஒட்டியிருந்தால், கடைசிக் கோட் முழுசாகக் காய்வதற்குள் அதை மடக்கி மெதுவாக இழு. ஒரு மாதம் வரைக்கும் சுவரை அழுத்தித் துடைக்காதே, உள்ளே இன்னும் இறுகிக்கொண்டிருக்கும்.

கலர் கேட்டாய். உனக்குப் பிடித்ததுதான். ஆனால் ஒரு பெரிய அட்டையில் அடித்துக் காயவைத்து, காலை, மதியம், விளக்கு வெளிச்சம் மூன்றிலும் சுவரில் சாய்த்துப் பார்த்துவிட்டு முடிவு செய். பளபளப்பு அதிகமானால் சுவரின் குறையும் அதிகமாகத் தெரியும். முதல் முறை என்பதால் பளபளப்பில்லாத மேட் வாங்கு.

நானே வந்திருப்பேன். இந்தத் தூசியில் வேண்டாம் என்று அம்மா விடமாட்டேன் என்கிறாள். அதனால் ஹால் சுவரைத் தேய்த்து முடித்த அன்று ராத்திரி விளக்கை அணைத்து, டார்ச்சைச் சுவரோடு பிடித்து வீடியோ எடுத்து அனுப்பு. எத்தனை மணியானாலும் விழித்திருக்கிறேன். எங்கெங்கே வட்டம் போட வேண்டும் என்று சொல்கிறேன். அதுவரை பெயிண்ட் டப்பா திறக்காமல் இருக்கட்டும்.

அன்புடன்,
அப்பா