கையேட்டைக் கையோடு கொண்டுபோக விடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழின் தொழில்நுட்பப் பக்கத்துக் கட்டுரையைப் படித்தேன். எங்கும் இணையம் வந்துவிட்ட பிறகு கையேடுகளைத் தரவிறக்கி வைத்துக்கொள்வதெல்லாம் பழைய பழக்கம் என்று போகிற போக்கில் ஒரு வரி அதில் இருந்தது. மற்றதெல்லாம் நன்றாகவே இருந்தது. அந்த ஒரு வரிதான் மூன்று நாளாக மனதைப் போட்டு அறுக்கிறது.

மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவ் என்ற கருவிகளைப் பழுது பார்ப்பது என் வேலை. இருபது வருடமாகிறது. கூப்பிடுகிற இடங்கள் பெரும்பாலும் கட்டடங்களின் அடித்தளத்துப் பம்ப் அறைகள்தான். சுற்றிலும் கான்கிரீட், நடுவில் இரும்புப் பேனல். பாதிப் படி இறங்குவதற்குள் சிக்னல் போய்விடும். போன மாதம் அப்படி ஓர் அறையில் டிரைவ் நின்றுவிட்டது, திரையில் ஒரு பிழை எண். அந்த எண்ணுக்கு என்ன பொருள், பாராமீட்டர் என்கிற அமைப்பு மதிப்புகளில் எதைப் பார்க்க வேண்டும் என்பதெல்லாம் தயாரிப்பாளரின் தளத்தில் இருக்கிறது. மேலே ஏறி வந்து பக்கத்தைத் திறந்து, கடைசி வரி வரைக்கும் வந்துவிட்டதா என்று உருட்டிப் பார்த்துவிட்டுத்தான் கீழே இறங்கினேன். பேனலுக்குள் வயர் பொருத்தும் டெர்மினலின் எண் கண்ணுக்குத் தெரியவில்லை. ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்க்கலாம் என்று கேமராவைத் திறந்தேன். பார்த்துவிட்டு பிரவுசருக்குத் திரும்பினால் வெள்ளைப் பக்கம்.

போனில் நினைவகம் போதாமல் போனால், பின்னால் கிடக்கும் பக்கத்தை பிரவுசர் கழற்றி விட்டுவிடும், திரும்பி வரும்போது மறுபடி நெட்டிலிருந்து கேட்கும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. நெட்டே இல்லாத அறையில் யாரிடம் கேட்கும்? அன்று நாலு தடவை படியேறி இறங்கினேன். கடைசியில் ஆறு பாராமீட்டர் எண்களை உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டுதான் வேலையை முடித்தேன்.

சேமித்து வைத்துக்கொள்ளலாமே என்று உங்களுக்குத் தோன்றும். அதையும் செய்து பார்த்தவன் நான். அந்தக் கையேட்டில் தலைப்பைத் தொட்டால்தான் அதன் கீழே உள்ளது சர்வரிலிருந்து வரும். சேமித்த பிரதியில் தலைப்புகள் மட்டும் வரிசையாக நின்றன. குக்கீக்குச் சம்மதம் கேட்கும் பெட்டி ஒன்று பாதித் திரையை மறைத்தபடி, மூடவும் முடியாமல், அதுவும் சேர்ந்து சேமிப்பாகியிருந்தது. பிறகு படிப்பதற்கென்று பக்கங்களை எடுத்து வைக்கும் செயலி ஒன்றை நம்பினேன். அந்தச் சேவையையே மூடிவிட்டார்கள்.

அப்புறம் பிடிஎஃப். அது 1993-ல் வந்ததே தாளில் எப்படி இருக்குமோ அப்படியே எந்தக் கணினியிலும் தெரிய வேண்டும் என்பதற்காகத்தான். அந்த வேலையை இன்றைக்கும் ஒழுங்காகச் செய்கிறது. ஆனால் ஏ4 தாளின் அகலம் 210 மில்லிமீட்டர், என் போன் திரையின் அகலம் சுமார் 70. பத்து பாயின்ட் எழுத்து மூன்று பாயின்ட் சொச்சமாகச் சுருங்கிவிடுகிறது. இரண்டு விரலால் விரித்தால் வரியின் பாதி வெளியே போய்விடும். இடமும் வலமும் தள்ளித் தள்ளிப் படிக்க வேண்டும், அதுவும் ஒரு கையில் டெஸ்டரைப் பிடித்துக்கொண்டு. 480 வோல்ட் என்ற எண் எந்த வரிசையைச் சேர்ந்தது என்று தெரியாமல் ஒரு நிமிடம் நின்றிருக்கிறேன். பேனலுக்கு முன்னால் அந்த ஒரு நிமிடம் சின்ன விஷயமில்லை.

இதற்கெல்லாம் வழி இல்லாமலா இருக்கிறது? ஈபப் என்ற வடிவம் 2007-லேயே தரமாகிவிட்டது. உள்ளே இருப்பது வலைப்பக்கங்கள்தான், ஜிப் செய்து ஒரே ஃபைலாகக் கட்டியிருப்பார்கள். எழுத்தைப் பெரிதாக்கினால் வரி தானே மடங்கிக்கொள்ளும், தேடலாம், விட்ட இடத்தில் மறுபடி திறக்கும். எழுதியதை ஈபப்பாக மாற்ற பேன்டாக் இருக்கிறது, ஸ்ஃபிங்ஸ் இருக்கிறது. இரண்டும் இலவச மென்பொருள்கள். வலைத்தளத்துக்கு எழுதிய அதே மூலத்திலிருந்து, கூடுதலாக ஒரு கட்டளையில் ஈபப்பும் வந்துவிடும். பைதான் என்ற நிரல் மொழியின் ஆவணம் முழுவதையும் ஈபப்பாகவே தருகிறார்கள். க்னூ என்ற கட்டற்ற மென்பொருள் திட்டத்தின் கையேடுகளில் பலவற்றை முழுதும் ஒரே பக்கமாகத் திறக்கலாம், தனித்தனிப் பக்கங்களாகவும் திறக்கலாம். விக்கிப்பீடியாவையே ஒரே ஃபைலாக இறக்கி, கிவிக்ஸ் செயலியில் நெட் இல்லாமல் படிக்கிறார்கள். இணையம் இயங்கும் முறைகளை விளக்கும் ஆர்எஃப்சி ஆவணங்களில், 1969-ல் எழுதிய முதலாவதை இன்றைக்கும் வெறும் டெக்ஸ்ட் ஃபைலாக எடுத்துக்கொண்டு போகலாம். இத்தனையும் கண்ணெதிரே இருக்க, ஒரு டிரைவின் கையேட்டை எடுத்துக்கொண்டு போக எனக்கு மட்டும் வழியில்லை என்றால் வருத்தமாக இருக்காதா?

320 பிக்சல் அகலத்திலும் பக்கவாட்டில் உருட்டாமல் படிக்க முடிய வேண்டும் என்று மாற்றுத்திறனாளிகளும் படிக்கும்படி வலைப்பக்கம் அமைக்கச் சொல்லும் அணுகல் வழிகாட்டி (WCAG) 2018-லேயே சொல்லிவிட்டது. அட்டவணைக்கும் வரைபடத்துக்கும் அதில் விலக்கு உண்டு. எனக்கு வேண்டியதோ முக்கால்வாசி அட்டவணைதான். பழைய டிரைவுக்கான கையேட்டின் லிங்க்கைத் தட்டினால் புது மாடலின் கையேடு திறப்பது இன்னொரு கொடுமை. எட்டு வருடத்துக்கு முன் பொருத்திய இயந்திரம் இன்றைக்கும் ஓடுகிறது, அதன் கையேடுதான் இல்லை. அன்றே ஒரு ஃபைலாகக் கொடுத்திருந்தால் அது இன்றைக்கும் என் போனில் இருந்திருக்கும்.

இவ்வளவையும் உங்களிடம் சொல்வதற்குக் காரணம் உண்டு. மோட்டார் பாதுகாப்பு பற்றி நீங்கள் வெளியிட்ட 12 பகுதித் தொடரை நான் வரி விடாமல் படித்தவன். என்னிடம் வேலை கற்ற பையன்களுக்கும் படிக்கச் சொன்னேன். உங்கள் தளத்தில் அதன் ஒவ்வொரு பகுதியும் ஐந்தாறு துண்டாகக் கிடக்கிறது. ஒவ்வொரு துண்டுக்கும் அடுத்த பக்கம் என்ற பொத்தானைத் தட்ட வேண்டும், ஒவ்வொரு தட்டலுக்கும் நெட் வேண்டும். அட்டவணைகள் எழுத்தாக இல்லை, படமாக இருக்கின்றன. பெரிதாக்கினால் மங்குகிறது, தேடினால் கிடைப்பதில்லை. இதைப் பற்றி இரண்டு வருடத்துக்கு முன் எழுதினேன். பரிசீலிக்கிறோம் என்று ஒரு வரி பதில் வந்தது. அதற்கு நன்றி சொல்லியும் எழுதினேன். அதன் பிறகு எதுவும் மாறவில்லை. இப்போது தரவிறக்கி வைப்பதே பழைய பழக்கம் என்று உங்கள் பக்கத்திலேயே அச்சாகி வந்தால், அந்த ஒரு வரி பதிலையும் சேர்த்துத்தான் நினைத்துக்கொள்ளத் தோன்றுகிறது. உங்கள் பத்திரிகையைப் பற்றி அப்படி நினைக்க எனக்கு விருப்பமில்லை.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அந்தத் தொடரை ஒரே ஈபப்பாகத் தாருங்கள், முடியாவிட்டால் பகுதிக்கு ஒரே நீளப் பக்கமாகவாவது போடுங்கள். அதற்கும் நாளாகும் என்றால் நான்காம் பகுதியில் வரும் ஓவர்லோட் ரிலே (மோட்டார் அளவுக்கு மீறி மின்சாரம் இழுத்தால் அதை நிறுத்த உதவும் கருவி) அட்டவணையை மட்டுமாவது முதலில் எழுத்தாக மாற்றித் தாருங்கள். அடுத்த வாரம் மறுபடி அதே பம்ப் அறைக்குப் போக வேண்டியிருக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகன்