தட்டுப் போர் போட்ட கையோடு

காங்கேயம் பக்கம்,
மாசி முதல் வாரம்

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் பொங்கல் கழிந்த மறுவாரமே வந்துவிட்டது. சோளத்தட்டு அறுப்பு நடந்துகொண்டிருந்ததால் பதில் தள்ளிப்போயிற்று. ஓய்வு பெற்ற கையோடு இரண்டு மாடு வாங்கிக் கட்டியிருக்கிறாய் என்று படித்ததும் வீட்டில் எல்லோருக்கும் சிரிப்பு. விடுதியில் பால் என்றாலே முகம் சுளித்தவன் ஆயிற்றே நீ! தங்கை என்ன சொல்கிறார்? சாணி அள்ளுவது யார் என்பதை மட்டும் நீ எழுதவே இல்லை.

கேட்டதற்கு வருகிறேன். எங்களைப் போலச் சோளம் விதைத்து, அறுத்து, காயவைத்து, மாட்டுத் தீவனமாக அடுக்கிப் போர் போடலாமா என்று கேட்டிருக்கிறாய். மன்னார்குடி மண்ணில் வேண்டாம் என்பதுதான் என் பதில். நாங்கள் படும் பாட்டைக் கேட்டால் காரணம் உனக்கே புரியும்.

இங்கே மானாவாரிக் காட்டில் புரட்டாசி, ஐப்பசி மழையை நம்பி விதைக்கிறோம். தானியத்துக்கு அல்ல, மாடு தின்னும் தண்டும் இலையுமான தட்டுக்கு. அதனால் விதையை நெருக்கித் தூவுவோம். நெருக்கத்தில் தண்டு மெலிந்து வரும். மெலிந்த தட்டு சீக்கிரம் காயும், மாடும் அடித்தண்டை ஒதுக்காமல் தின்னும். பயிர் பூத்து நிற்கும்போது அறுத்துவிட வேண்டும். மணி முற்றட்டும் என்று விட்டால் சத்தெல்லாம் கதிருக்கு ஏறித் தண்டு விறகாகிவிடும். அவசரப்பட்டு இளம்பயிரைப் பச்சையாக அறுத்துப் போடுவது அதைவிட மோசம். இளஞ்சோளத்தில், அதிலும் மழையில்லாமல் வாடி நின்ற பயிரில், சயனைடு நஞ்சு கூடுதலாக இருக்கும். வயிறு நிறையத் தின்ற மாடு சற்று நேரத்தில் விழுந்துவிடும். பூத்த பயிரில் அது குறைவு, நன்றாகக் காய்ந்தால் இன்னும் குறைந்துவிடும். கயிற்றை அறுத்துக்கொண்ட மாடு இளஞ்சோளத்துக்குள் புகுந்துவிட்டது என்றால் எங்கள் பாட்டன் காலத்தில் ஊரே ஓடுமாம். நஞ்சின் பெயர் அவர்களுக்குத் தெரியாது, பயம் தெரியும்.

காயவைப்பதில்தான் வேலையே இருக்கிறது. பச்சைத் தட்டின் எடையில் முக்கால் பங்கு தண்ணீர். போரில் ஏற்றும்போது ஈரம் 15 சதவீதத்துக்குக் கீழே வந்திருக்க வேண்டும். இலை இரண்டொரு நாளில் சருகாகிவிடும். தண்டு மெதுவாகத்தான் காயும், கணு அதைவிடப் பிடிவாதம். அறுத்ததைக் காட்டிலேயே பரப்பிக் கிடத்தி, மேல்பக்கம் காய்ந்ததும் புரட்டுவோம். புரட்டுவதற்கு விடிகாலைதான் நேரம். பனி இறங்கி இலை பதமாக இருக்கும், தொட்டால் உதிராது. உச்சி வெயிலில் கைவைத்தால் இலை முழுவதும் நிலத்துக்குப் போய், கட்டுக்கு வெறும் குச்சிதான் மிஞ்சும். புரதம் இருப்பதோ இலையில். பிறகு சிறு கட்டுகளாகக் கட்டி, கதிர் மேலே பார்க்க ஒன்றோடொன்று சாய்த்து நிறுத்திவிடுவோம். உள்ளே காற்று ஓடும். ஒரு தூறல் விழுந்தாலும் பெரும்பகுதி வழிந்துவிடும்.

காய்ந்ததா என்று பார்க்க என் மாமனார் ஒரு தட்டை உருவிக் கணுவுக்குப் பக்கத்தில் ஒடிப்பார். சடக்கென்று முறிந்தால் ஏற்றலாம். நார் இழுத்துக்கொண்டு வளைந்தால் இன்னும் வெயில் வேண்டும். கண்ணாடிப் பாட்டிலில் நறுக்கிய தட்டையும் உலர்ந்த உப்பையும் போட்டுக் குலுக்கும் சோதனையும் ஒன்று உண்டு. உப்பு கட்டிபிடித்தால் ஈரம் போகவில்லை என்று பொருள். பேரனுக்கு அதில்தான் ஆசை. நான் மாமனார் கட்சி.

இந்தப் பொறுமை இல்லாவிட்டால் போர் உள்ளுக்குள்ளேயே சூடேறும். ஈரத்தில் நுண்ணுயிர்கள் பெருகி, அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல், தீக்குச்சி கிழிக்காமலே தீப்பிடித்த போர்கள் உலகெங்கும் உண்டு. தீ வராவிட்டாலும் பூஞ்சை வரும். பூசணம் பிடித்த தீவனத்தின் நஞ்சு பாலிலும் இறங்கும் என்பதை மறந்துவிடாதே. அடியில் கல் பரப்பி அதன்மேல் போர் போடுவது கறையானுக்கும் தரை ஈரத்துக்கும் பயந்துதான்.

ஆள்தான் கிடைப்பதில்லை. தோளில் மாட்டும் வெட்டும் இயந்திரத்தை இந்த ஆண்டு வாடகைக்கு எடுத்தோம். வேகம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் தட்டைத் தாறுமாறாகச் சாய்க்கிறது. கட்டுக்கட்டும் பெண்கள் அந்த இயந்திரத்தைத் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. பாதிக்குப்பிறகு கருக்கரிவாளுக்கே திரும்பிவிட்டோம்.

இவ்வளவும் வேண்டாமென்றால் எங்கள் கொறங்காடு, அதாவது வேலியடைத்த மேய்ச்சல் நிலம், இருக்கிறது. கிளுவை வேலிக்குள் வெள்வேல மர நிழலில் கொழுக்கட்டைப் புல் நின்றபடியே காய்ந்துவிடும். அறுப்புமில்லை, கட்டுமில்லை, மாடே போய் மேய்ந்துகொள்ளும். இதைவிடப் புத்திசாலித்தனமான பண்ணையம் எனக்குத் தெரியாது.

இனி உன் வயல். சம்பா அறுத்ததும் உன் களிமண் ஈரமாகக் கிடக்கும். அதில் சோளத்துக்கு உழவு ஓட்ட முடியாது, வெடித்துக் காய்ந்த பிறகு விதைத்தால் தண்ணீர் வேண்டும். உனக்கு எதற்கு அந்த வம்பு? நெல் நிற்கும்போதே தெளித்த உளுந்து உன் வயலில் இருக்கிறதே, அதன் கொடியை விடாதே. காய் அடித்தபின் குப்பை என்று வரப்பில் கொட்டிவிடுகிறார்கள். அதை நிழலும் காற்றும் உள்ள இடத்தில் இலை கொட்டாமல் உலர்த்தி வை. வைக்கோலைவிடப் பல மடங்கு மேல்.

வைக்கோலையும் பார்த்து வாங்கு. இயந்திர அறுவடை முடிந்ததும் பனி ஈரத்தோடேயே உருளைக் கட்டாகச் சுற்றித் தந்துவிடுவார்கள். கட்டின் நடுவில் கையை விட்டுப் பார். புளித்த வாடையோ வெதுவெதுப்போ இருந்தால் மலிவு என்று மயங்காதே. நல்ல வைக்கோலிலும் புரதம் மூன்று, நான்கு சதவீதம்தான். சத்தைக் கூட்ட யூரியா ஊட்டம் செய்யலாம்: 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை ஐம்பது லிட்டர் அளவு தண்ணீரில் கரைத்து, அடுக்கடுக்காகத் தெளித்து மிதித்து, காற்றுப் புகாமல் தார்ப்பாயால் மூடி 21 நாள் விட வேண்டும். பிரித்ததும் காரநெடி போக ஆறவிட்டுத்தான் மாட்டுக்கு வைக்க வேண்டும். ஆறு மாதத்துக்குள் இருக்கும் கன்றுக்குக் கூடாது. கரைசல் வாளியை மாட்டுக்கு எட்டும் இடத்தில் வைக்கவே வைக்காதே. முதல் தடவை உங்கள் ஊர்க் கால்நடை மருத்துவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய். வரப்பில் அகத்தியும் நட்டுவிடு, உனக்குப் பச்சைக்குப் பஞ்சமிருக்காது.

வீட்டில் எல்லோரும் நலம். எனக்கு முழங்கால் வலி இருக்கிறது, ஆனாலும் போர் மேல் ஏறி நின்று கட்டை வாங்குவதை விடவில்லை. மகன் கீழேயிருந்து கத்திக்கொண்டே எடுத்துக்கொடுத்தான். மகள் சித்திரையில் திருப்பூரிலிருந்து வருகிறாள். நீயும் தங்கையும் அப்போது வந்தால் நன்றாக இருக்கும். மாட்டை யார் பார்ப்பது என்று சாக்குச் சொல்வாய், தெரியும். பக்கத்து வீட்டுக்காரரிடம் இப்போதே பேசி வை. உளுந்து பிடுங்கும் தேதி முடிவானதும் ஒரு போன் செய்.

அன்புடன்,
பழனிச்சாமி