வாசலில் எஞ்சினை அணைத்துவிடுங்கள்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். போன திங்கட்கிழமை பிரேயர் முடிந்ததும் ஆறாம் வகுப்பு மாணவி ஒருத்தி மூச்சு வாங்க என் அறைக்கு வந்து உட்கார்ந்தாள். பையிலிருந்து இன்ஹேலரை அவளே எடுத்து இரண்டு முறை இழுத்தாள். ஐந்து நிமிடம் கண்ணை மூடி இருந்துவிட்டு, "சரியாயிடுச்சு டீச்சர்" என்று வகுப்புக்குப் போய்விட்டாள். பதினொரு வயதுப் பிள்ளைக்கு இது இப்படிப் பழகிப்போயிருப்பது என் மனதை விட்டு அகலவில்லை.

மணலிக் காற்றைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2009-இல் நாட்டிலுள்ள தொழிற்பகுதிகளை ஆராய்ந்தபோது, மிக மோசமாக மாசடைந்தவை என்ற பட்டியலில் நம் ஊரும் இருந்தது. அதன்பின் சில நல்ல காரியங்கள் நடந்திருக்கின்றன. பெரிய ஆலைகளின் புகைபோக்கியிலேயே கருவி பொருத்தி, மாசின் அளவு நேரடியாக வாரியத்துக்குப் போகும்படி செய்தார்கள். 2019-இல் தேசியத் தூய காற்றுத் திட்டம் வந்தது. பின்னர் சென்னையும் அதில் சேர்ந்தது. வியாசர்பாடி பணிமனையிலிருந்து 2025 ஜூன் 30 முதல் 120 மின்சாரப் பேருந்துகள் ஓடுகின்றன.

இவற்றில் பெரிய மாற்றம் என்று நான் நினைப்பது எரிபொருளில் வந்ததுதான். 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுக்க பி.எஸ்.-6 (பாரத் ஸ்டேஜ்-6 என்ற புகை மாசுக் கட்டுப்பாட்டுத் தரம்) பெட்ரோல், டீசல். கிலோவுக்கு 50 மில்லிகிராம் வரை இருந்த கந்தகம் 10-ஆகக் குறைந்தது. பழைய வண்டி, புது வண்டி எல்லாவற்றின் டேங்கிலும் அதுதான் போகிறது. ஆனால் பராமரிக்காத எஞ்சின் நல்ல டீசலைக் குடித்தாலும் கரும்புகைதான் கக்கும்.

இனி நம் வாசலுக்கு வருகிறேன். காலை எட்டே முக்காலிலிருந்து ஒன்பது வரை பைக்கும் ஆட்டோவும் வேனும் நெருக்கியடித்து நிற்கின்றன. பாதிக்கு மேல் எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கிறது. பெரியவர்களின் முகத்தைவிட நம் ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் முகம் புகைக்குழாய்க்கு நெருக்கமாக இருக்கிறது. பெரியவர்களைவிடக் குழந்தைகள் வேகமாக மூச்சு விடுகிறார்கள். வாசலை ஒட்டிய வகுப்பில் ஜன்னல் விளிம்பை ஆயாம்மா தினமும் காலையில் ஈரத்துணியால் துடைக்கிறார். மாலையில் விரலை வைத்தால் கறுப்பாக ஒட்டுகிறது. அதே காற்றைத்தான் அங்கே நாற்பது பிள்ளைகள் இழுக்கிறார்கள்.

ஆகவே, வண்டி நின்ற உடனே எஞ்சினை அணைத்துவிடுங்கள். முடிந்தவர்கள் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டுப் பிள்ளையோடு நடந்து வாருங்கள். பள்ளி ஆட்டோ, வேன் ஓட்டும் தம்பிகளிடம் நானே பேசிவிட்டேன், அவர்கள் ஒப்புக்கொண்டார்கள். புகைப் பரிசோதனைச் சான்றிதழ் காலாவதியாகிவிட்டதா என்றும் இன்றே பாருங்கள். அது இல்லாவிட்டால் சட்டப்படி 10,000 ரூபாய் வரை அபராதம் விதிக்க முடியும். எனக்கோ அபராதத்தைவிட அந்தப் புகைதான் கவலை.

மணலியில் உள்ள கண்காணிப்பு நிலையத்தின் அளவை மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 'சமீர்' செயலியில் பார்க்கலாம். காற்றுத் தரக் குறியீடு 200-ஐத் தாண்டினால் அன்று விளையாட்டு வகுப்பு மைதானத்தில் நடக்காது. வீசிங் உள்ள பிள்ளைகளின் மருத்துவச் சீட்டு நகலை வரும் வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுங்கள். இன்ஹேலர் இரண்டு வைத்திருப்பவர்கள் ஒன்றைப் பெயர் எழுதி என் அறையில் வைத்தால் நல்லது.

அன்புடன்,
தலைமையாசிரியர்