செயின்ட் டிரினியன்ஸை வரைந்தவரை மறக்கலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பழைய படங்களைப் புதிதாக எடுப்பது பற்றிச் சென்ற ஞாயிறு பதிப்பில் வந்த கட்டுரை, அடங்காத பெண்கள் பள்ளி ஒன்றைப் பற்றிய ஆங்கில நகைச்சுவைப் படமான ‘செயின்ட் டிரினியன்ஸ்’ 2007-இல் புதிதாக வந்ததைப் பாராட்டியிருந்தது. முப்பது வருடம் பெண்கள் பள்ளியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவள் நான். பினஃபோர் போட்ட வாண்டுகளை நன்றாகத் தெரியும் என்பதால் எழுதுகிறேன்.

1954-இல் பிராங்க் லாண்டர் இயக்கிய முதல் படத்தில் நம்மைக் கலங்கடிப்பவர்கள் சின்னப் பிள்ளைகள்தான். கலைந்த தலை, அழுக்குச் சீருடை, கையில் ஹாக்கி மட்டை. வேதியியல் கூடத்தில் சாராயம் காய்ச்சுகிறார்கள். பந்தயக் குதிரையை ஒளித்துவைக்கப் பெரிய வகுப்புப் பெண்கள் போடும் திட்டத்தை இந்தப் பொடிசுகளே முறியடிக்கிறார்கள். தலைமையாசிரியையாகவும் அவருடைய சூதாட்டத் தரகர் சகோதரராகவும் அலஸ்டேர் சிம் ஒருவரே நடித்தார். புடவை கட்டி ஆண் நடித்தால் கேலியாகத்தான் இருக்கும் என்று பழகிய நமக்கு, அந்த அம்மாளின் கண்ணியம் ஆச்சரியமாக இருக்கும்.

புதிய படத்தில் ரூபர்ட் எவரெட் அதே இரட்டை வேடத்தை நன்றாகவே செய்திருக்கிறார், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பிள்ளைகள்? கும்பல் கும்பலாகப் பிரித்து, கும்பலுக்கு ஓர் உடையலங்காரம் கொடுத்துவிட்டார்கள். பழைய படத்திலும் பெரிய பெண்கள் அலங்காரமாகத்தான் வருவார்கள், சரி. இதிலோ கேமரா அவர்களை விட்டு நகர மறுக்கிறது. வாண்டுகள் ஓரமாகிவிட்டார்கள்.

கட்டுரையில் இன்னொரு குறை. இந்தப் பள்ளியை உருவாக்கிய ஓவியர் ரொனால்ட் சேர்ல் பெயரே அதில் இல்லை. அவருடைய முதல் டிரினியன்ஸ் கேலிச்சித்திரம் 1941-இல் வந்தது. அடுத்த ஆண்டு, இரண்டாம் உலகப் போரில் சிங்கப்பூர் விழுந்தபோது, பிரிட்டிஷ் படைவீரராக இருந்த அவர் ஜப்பானியரிடம் கைதியானார். சிங்கப்பூரின் சாங்கி சிறையிலும், கைதிகளையும் கூலிகளையும் கொண்டு ஜப்பானியர் போட்ட சயாம் (இன்றைய தாய்லாந்து) மரண ரயில் பாதையிலும் கிடந்தார். அங்கே ஒளித்து ஒளித்து வரைந்தார். வரைந்த தாள்களைக் காலரா நோயாளிகளின் படுக்கைக்கு அடியில் மறைத்தார். காவலர்கள் அங்கே கிட்டே போக மாட்டார்கள்.

உயிரோடு ஊர் திரும்பியவர் அந்தச் சிறுமிகளை மறுபடி கையில் எடுத்தார். பள்ளிக்கே தீ வைக்கும் பிள்ளைகள் அவர்கள். எதற்கும் அஞ்சாத அந்தச் சின்ன முகங்களைப் பார்க்கும்போதெல்லாம், சயாமைப் பார்த்துவிட்டு வந்த கை வரைந்தது என்றுதான் எனக்குத் தோன்றும்.

என் தாத்தாவையும் தோட்டத் தொழிலாளர் லயத்திலிருந்து அந்த ரயில் பாதை வேலைக்குச் சயாமுக்குப் பிடித்துப் போனார்கள். திரும்பவில்லை. ஒரு புகைப்படம்கூட எங்களிடம் இல்லை. அந்தப் பாதையில் மடிந்த நம் தமிழர்கள் ஆயிரமாயிரம். அந்த இடம் எப்படி இருந்தது என்பதை நான் கண்ணால் பார்த்தது சேர்லின் கோடுகளில்தான். அவருடைய சுமார் 300 சித்திரங்கள் லண்டன் இம்பீரியல் போர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

இந்தப் படத்தை மறுபடியும் எடுக்க யாராவது வந்தால், பழைய படத்தைப் போட்டுப் பார்ப்பதற்கு முன் அந்தச் சித்திரங்களைப் பார்க்கட்டும். நீங்களும் ஒரு ஞாயிறு, சேர்லைப் பற்றி அரைப் பக்கமாவது எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
ஈப்போ